கறுப்புத் திரையில் ஓடும் வரிகள்: கணினி செட்டிங்ஸை ஸ்கிரிப்ட் மாற்றும்போது நடப்பது என்ன?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும், ப்ரொசெசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். அதனால் கணக்காளர் அலுவலகம், டியூட்டரி, மருந்துக்கடை என்று கொழும்பில் பத்துப் பன்னிரண்டு கணினியோடு ஓடும் சின்ன இடங்கள் பலவற்றுக்குப் புதுக் கணினி வாங்கும் செலவு தலையில் விழுந்தது. கணினி வந்து இறங்கியதும் அதை அமைத்துக்கொடுக்க ஒரு டெக்னீஷியன் வருவார். பென்டிரைவைச் செருகுவார், ஒரு கோப்பை இருமுறை கிளிக் செய்வார். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், வரிகள் மளமளவென்று ஓடும், சில நிமிடத்தில் மூடிவிடும்.

“தம்பி, இதுக்குள்ள என்ன செய்தனீங்கள்?”

“செட்டிங்ஸ் எல்லாம் போட்டாச்சு, ஐயா.”

பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கணினியின் சொந்தக்காரருக்கு உள்ளே என்ன மாறியது என்று தெரியாது, கேட்கவும் தயக்கம். அந்தக் கறுப்பு ஜன்னலில் ஓடுவது மந்திரம் அல்ல. வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எழுத்து அது. என்ன எழுதப்பட்டிருக்கிறது, எங்கே போய் எதை மாற்றுகிறது, எங்கே தோற்கும், எப்போது ஆபத்தாகும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

செட்டிங் எங்கே இருக்கிறது?

திகதி எப்படித் தெரிய வேண்டும், விசைப்பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும் என்று கணினிக்கு நாம் சொல்லிவைக்கும் ஒவ்வொரு விருப்பமும் ஒரு செட்டிங். செட்டிங்ஸ் ஜன்னலில் ஒரு பொத்தானைத் தள்ளினால் வேலை அங்கேயே முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அந்த ஜன்னல் வெறும் முன்கதவு. நீங்கள் தள்ளிய பொத்தானின் விளைவு வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. விண்டோஸில் அந்த இடம் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரி.

ரெஜிஸ்ட்ரி என்பது ஒரு பெரிய பதிவேடு. விண்டோஸ் 95 காலத்திலிருந்து கணினியின் விருப்பங்களில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னர் ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பங்களைத் தனித்தனி உரைக் கோப்புகளில் வைத்திருந்தது. ரெஜிஸ்ட்ரி ஃபோல்டருக்குள் ஃபோல்டராக விரியும். கடைசியில் ஒரு பெயரும் அதற்கு ஒரு மதிப்பும் இருக்கும்.

ஓர் உதாரணம். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ‘டொக்எக்ஸ்’, ‘பிடிஎஃப்’ போன்ற வால் எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். அந்த மறைப்பு ரெஜிஸ்ட்ரியில் ‘ஹைட் ஃபைல் எக்ஸ்ட்’ என்ற பெயரில் இருக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால் மறை, 0 என்றால் காட்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மெனுவைத் திறந்து டிக் போடுவதும், இந்த 1ஐ 0 ஆக்குவதும் ஒரே வேலைதான். முதலாவதை மனிதர் செய்கிறார், இரண்டாவதை ஸ்கிரிப்ட் செய்கிறது.

இந்தப் பதிவேட்டுக்கு இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. இந்தப் பிரிவை இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும் பெரிய குழப்பம் ஒன்று இதில்தான் முளைக்கிறது.

1. கணினிக்குச் சொந்தமானவை: யார் உள்நுழைந்தாலும் ஒன்றாகவே இருக்கும். நேர வலயம் இப்படிப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றை மாற்ற அட்மின் உரிமை, அதாவது கணினியின் நிர்வாகிக்குரிய அதிகாரம், தேவை.

2. பயனருக்குச் சொந்தமானவை: ஒவ்வொருவருக்கும் தனித்தனி. திகதி வடிவம், விசைப்பலகை, மேலே சொன்ன வால் எழுத்து மறைப்பு எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு பயனரின் ஃபோல்டருக்குள்ளும் இவை தனிக் கோப்பாக இருக்கும். அவர் உள்நுழையும்போதுதான் அந்தக் கோப்பு திறக்கும்.

ஸ்கிரிப்ட் என்றால்?

ஒரு சாதாரண உரைக் கோப்பு, அவ்வளவுதான். நோட்பேடில் திறக்கலாம், வாசிக்கலாம், அச்சடிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. மேலிருந்து கீழே கணினி அவற்றை நிறைவேற்றிக்கொண்டு போகும்.

விண்டோஸ் உலகில் இதற்கு மூன்று தலைமுறைகள் உண்டு. முதலாவது விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து பெட்ச் கோப்பு, இன்றும் ஓடுகிறது. அடுத்தது விபிஸ்கிரிப்ட். அதைக் கைவிடுவதாக 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் அறிவித்துவிட்டதால் அந்த மொழியில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். மூன்றாவது பவர்ஷெல், 2006 நவம்பரில் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதன் 5.1 பதிப்பு கூடவே வருகிறது. செட்டிங்ஸ் வேலைக்கு இன்று பொருத்தமானது இதுதான். பல இடங்களில் ரெஜிஸ்ட்ரி எண்ணைத் தேடிப்போகவே தேவையில்லை. ‘நேர வலயத்தை இதாக்கு’, ‘திகதி வடிவத்தை இந்த நாட்டுக்குரியதாக்கு’ என்று நேரடிக் கட்டளைகள் இருக்கின்றன.

லினக்ஸிலும் மேக்கிலும் கருத்து இதுவேதான். லினக்ஸின் க்னோம் மேசைத்தளம் தன் விருப்பங்களை டீகொன்ஃப் என்ற களஞ்சியத்தில் வைக்கிறது, ஜிசெட்டிங்ஸ் கட்டளை அதை மாற்றும். மேக்கில் பீலிஸ்ட் கோப்புகளும் டிஃபோல்ட்ஸ் கட்டளையும். பவர்ஷெல்லையும் 2016 ஓகஸ்டில் திறந்த மூலமாக்கி அந்த இரண்டு தளங்களுக்கும் கொண்டுபோனார்கள். கொழும்பு அலுவலகங்களில் அதிகம் காண்பது விண்டோஸ் என்பதால் இனி அதையே பேசுவோம்.

ஒரு சின்னத் திகதி, இரண்டு வரி ஆண்டுகள்

வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கணினிகள். கடையில் வாங்கும்போது எல்லாமே ‘ஆங்கிலம் (ஐக்கிய அமெரிக்கா)’ என்ற பிராந்திய வடிவத்தோடு (திகதியும் எண்ணும் எந்த நாட்டு வழக்கில் தெரிய வேண்டும் என்ற செட்டிங்) வந்தன. டெக்னீஷியன் பதினொன்றைக் கையால் மாற்றினார். பன்னிரண்டாவது கணினிக்கு வரும்போது பகல் சாப்பாட்டு நேரம், அது விடுபட்டுப்போனது.

ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு விவரம் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, வருகிறது. நாள்/மாதம்/ஆண்டு என்ற நம் வழக்கப்படிதான் அதில் திகதிகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது கணினியில் அதை எக்செலில் திறக்கிறார்கள். 03/04/2025 என்பது ஏப்ரல் 3. ஆனால் அமெரிக்க வடிவத்தில் மாதம்தான் முதலில் வரும், அதனால் எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது. அடுத்த வரியில் 25/04/2025. இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் எக்செல் அதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. கவனித்துப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும்: திகதியாக ஏற்றவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டவை இடப்பக்கம் நிற்கும். ஒரே நிரலில் இப்படி வலமும் இடமும் கலந்து நின்றால் பிராந்திய வடிவத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதில் விளைவு என்ன என்கிறீர்களா? இலங்கையில் வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏப்ரல் 3 அன்று வந்த பணம் 2025/2026க்குரியது. மார்ச் 4 என்று பதிந்தால் அது 2024/2025க்குள் போய்விடும். ஒரு மெனுவில் மாறாமல் விடுபட்ட ஒரே ஒரு தெரிவு வருமானத்தை ஒரு வரி ஆண்டிலிருந்து இன்னொரு வரி ஆண்டுக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. யாரும் தவறான எண்ணைத் தட்டவில்லை, வங்கியும் தவறு செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்கிரிப்டின் மதிப்பு தெரியும். மூன்று வரிகள் போதும்: பிராந்திய வடிவத்தை ‘ஆங்கிலம் (ஐக்கிய இராச்சியம்)’ ஆக்கு, நாட்டை இலங்கையாக்கு, நேர வலயத்தை இலங்கைக்குரியதாக்கு. (நாட்டுக்கு விண்டோஸ் ஓர் எண் வைத்திருக்கிறது, இலங்கையின் எண் 42.) பன்னிரண்டு கணினிக்கும் அதே மூன்று வரி. வேகம் கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் நான் பெரிதாக மதிப்பது அதை அல்ல. பகல் சாப்பாட்டு நேரம் வந்தாலும் வராவிட்டாலும் வரிகள் மாறாது. ஆறு மாதம் கழித்து “இந்தக் கணினியில் என்ன செய்தோம்?” என்ற கேள்வி வந்தால் பதில் எழுத்தில் இருக்கும். கையால் மாற்றிய செட்டிங்குக்குச் சாட்சி கிடையாது.

மணித்தியாலக் கணக்கா, வலயத்தின் பெயரா?

நேர வலய வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஸ்கிரிப்ட் எழுதும் முறையையே அது கற்றுத்தரும்.

வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1996 மே 25ஆம் திகதி இலங்கை தன் நேரத்தை உலகப் பொது நேரத்திலிருந்து 6 மணி 30 நிமிடம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அது 6 மணியாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் பழைய 5 மணி 30 நிமிடத்துக்கு வந்தோம். பத்து ஆண்டுக்குள் மூன்று மாற்றங்கள்.

கணினியில் ‘5 மணி 30 நிமிடம்’ என்று எண்ணை மட்டும் குறித்துவைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து திருத்த வேண்டும். ‘இலங்கை நேரம்’ என்று பெயரைக் குறித்துவைத்திருந்தால், அந்தப் பெயருக்கு இப்போது எவ்வளவு என்பதை இயங்குதளத்தின் புதுப்பிப்பே சொல்லிவிடும். விண்டோஸின் பட்டியலில் நம் வலயம் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற பெயரோடு இருக்கிறது, லினக்ஸில் ‘ஆசியா/கொழும்பு’. இந்தியாவின் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ வலயத்தைத் தெரிந்தெடுத்தாலும் இன்று மணிக்கூடு சரியாகத்தான் காட்டும். அதனாலேயே இந்தத் தவறு பலர் கண்ணில் படுவதில்லை. நாளை இங்கே நேரம் மாறினால்தான் வித்தியாசம் தெரியும்.

செட்டிங்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதைப் பொது விதியாகவே எடுத்துக்கொள்ளலாம்: என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதைவிட, கடைசியில் எது இருக்க வேண்டும் என்று எழுதுவது நல்லது. ‘அரை மணி கூட்டு’ என்ற கட்டளை இரண்டு முறை ஓடினால் ஒரு மணி கூடிவிடும். ‘இலங்கை நேரமாக இரு’ என்பது நூறு முறை ஓடினாலும் ஒரே விடைதான்.

நல்ல ஸ்கிரிப்டில் பார்க்க வேண்டியவை

1. திரும்ப ஓட்டலாமா? மேலே சொன்ன குணம்தான் இது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இருபது வரி ஸ்கிரிப்ட் ஒன்று பதினோராவது வரியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? திரும்ப ஓட்டத்தக்கதாக எழுதியிருந்தால் மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

2. பழைய மதிப்பை எடுத்துவைக்கிறதா? ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் அந்தப் பகுதியை ஒரு கோப்பாக வெளியே எடுத்துவைக்கலாம், அதற்கு ஒரே கட்டளை போதும். ‘ரெஸ்டோர் பொயின்ட்’ (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் மீட்புப் புள்ளி) போட்டுவிட்டோம் என்று அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பவர்ஷெல்லில் அதற்கான கட்டளை வழக்கமாக 24 மணித்தியாலத்துக்கு ஒன்றுக்கு மேல் உருவாக்காது. காலையில் ஒன்று போட்டிருந்தால், மாலையில் நீங்கள் கேட்கும் இன்னொன்று எச்சரிக்கையோடு நின்றுவிடும்.

3. பதிவு எழுதுகிறதா? பவர்ஷெல்லில் ‘ட்ரான்ஸ்கிரிப்ட்’ என்ற வசதி இருக்கிறது. முதல் வரியில் அதைத் தொடக்கிவிட்டால் திரையில் ஓடிய எல்லாம் ஒரு கோப்பில் சேரும்.

4. தமிழ் எழுத்து சிதையாமல் இருக்கிறதா?

நாலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மேசைத்தளத்தில் ‘வரி’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதுகிறோம். நோட்பேடில் சேமிக்கிறோம், ஓட்டுகிறோம். மேசைத்தளத்தில் ஒரு ஃபோல்டர் வருகிறது, ஆனால் அதன் பெயர் மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் வேறு குறிகளும் கலந்த குவியலாக இருக்கிறது. காரணம் இதுதான். ‘வரி’ என்பது கணினிக்கு வ, ர, இகரக் குறி என்று மூன்று யுனிகோட் குறியீடுகள் (யுனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பட்டியல்). அந்த எண்களைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 என்ற முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 9 பைட். கோப்பின் தலையில் ‘இது யுடிஎஃப்-8’ என்ற அடையாளம் இல்லாவிட்டால் பவர்ஷெல் 5.1 அதைப் பழைய ஒரு-பைட் முறையில் வாசிக்கும். ஒன்பது பைட்டும் ஒன்பது அந்நிய எழுத்தாகிவிடும்.

தீர்வு சுலபம். நோட்பேடில் ‘சேவ் அஸ்’ கொடுக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் ‘யுடிஎஃப்-8 வித் பொம்’ என்பதைத் தெரிந்தெடுத்தால் அந்த அடையாளம் சேர்ந்துவிடும். பவர்ஷெல் 7 அடையாளம் இல்லாமலேயே யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். அப்புறம் இன்னொன்று: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை ஸ்கிரிப்டுக்குள் போட வேண்டாம். அது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான். ஃபோல்டர் பெயரும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே வரும்.

ஓடியது, ஆனால் மாறவில்லை: ஏன்?

“ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடிச்சு, ஆனா திகதி அப்படியே இருக்கே” என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். பெரும்பாலும் காரணம் தொடக்கத்தில் பார்த்த அந்த இரண்டு பகுதிகள்தான்.

அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஊழியருக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. டெக்னீஷியன் வருகிறார். ஊழியரின் திரையிலேயே ஸ்கிரிப்டை ‘அட்மினாக ஓட்டு’ என்று தொடங்குகிறார். விண்டோஸ் கடவுச்சொல் கேட்கிறது, தன் அட்மின் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார். இந்த நொடியிலிருந்து ஸ்கிரிப்ட் ஓடுவது டெக்னீஷியனின் பெயரில். கணினிக்குப் பொதுவான நேர வலயம் சரியாக மாறும். ஆனால் திகதி வடிவம் பயனருக்குச் சொந்தமானது. அது மாறுவது டெக்னீஷியனின் பதிவேட்டில், ஊழியரின் பதிவேட்டில் அல்ல. டெக்னீஷியன் சோதித்துப் பார்த்தால் அவருக்குச் சரியாகவே காட்டும். அவர் புறப்பட்டுப் போனபின் ஊழியர் எக்செலைத் திறந்தால் பழையபடி மார்ச் 4.

அதனால் கவனமாகச் செய்பவர்கள் ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். கணினிக்குரியது ஒன்று, அதை அட்மினாக ஓட்டுவார்கள். பயனருக்குரியது இன்னொன்று, அது ஊழியரின் சொந்தக் கணக்கில், அட்மின் உரிமை இல்லாமல் ஓடும். இனிமேல் உருவாக்கப்போகும் கணக்குகளுக்கும் அதே வடிவம் வேண்டுமென்றால், தற்போதைய பயனரின் பிராந்திய விருப்பங்களைப் புதுப் பயனர்களுக்கும் வரவேற்புத் திரைக்கும் நகலெடுக்கும் கட்டளை விண்டோஸ் 11இல் இருக்கிறது.

வேறு சில இடங்களில் விண்டோஸே வேண்டுமென்று மறுக்கும். வழக்கமாகத் திறக்கும் பிரௌசர் எது என்ற தெரிவோடு ஒரு சரிபார்ப்புக் குறியையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் அந்த மதிப்பை மட்டும் மாற்றினால் குறி பொருந்தாது, தெரிவு செல்லாமல் போகும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கண்ட மென்பொருளெல்லாம் வந்து நம் பிரௌசரை மாற்றிவிடாமல் தடுப்பதும் அதுதான். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ‘டேம்பர் ப்ரொடெக்ஷன்’ அதேபோல வைரஸ் பாதுகாப்பை ஸ்கிரிப்ட் அணைக்காமல் காக்கிறது. “முதலில் டேம்பர் ப்ரொடெக்ஷனை ஓஃப் செய்யுங்கள்” என்று ஒரு ஸ்கிரிப்டின் குறிப்பில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னும் இரண்டு சிறு காரணங்கள். விண்டோஸின் ஹோம் பதிப்பில் குரூப் பொலிசி எடிட்டர் (கணினிக்கு நிர்வாக விதிகள் போடும் கருவி) வராது, அதனால் ப்ரோ பதிப்புக்கு எழுதிய வழிகாட்டிகள் அங்கே அப்படியே பொருந்தாது. பெரிய வருடாந்தப் புதுப்பிப்பு வந்தபின் சில செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் திரும்ப ஒரு முறை ஓட்டினால் சரி.

யார் எழுதிய வரி?

செட்டிங்கை மாற்ற முடிந்த ஸ்கிரிப்டால் கோப்பை அழிக்கவும் முடியும், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு போகவும் முடியும். இது புதிய செய்தி அல்ல. 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ‘ஐ லவ் யூ’ ஒரு விபிஸ்கிரிப்ட் கோப்புதான். மின்னஞ்சலில் காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் வால் எழுத்தை மறைத்துவிட்டதால் வெறும் உரைக் கோப்பு போலத் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டு கழிந்தும் அந்த மறைப்புதான் வழக்கமான நிலை. அலுவலகக் கணினிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவதானால் ‘ஹைட் ஃபைல் எக்ஸ்ட்’டை 0 ஆக்கும் வரியை முதலிலேயே போடச் சொல்வேன்.

இப்போதைய பெரிய ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. 2024 முதல் ‘க்ளிக்ஃபிக்ஸ்’ என்ற பெயரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்துவரும் முறை இப்படிப் போகும்:

1. ஒரு இணையப் பக்கம் “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்துங்கள்” என்று கேட்கும். பொத்தானை அழுத்தியதும், நமக்குத் தெரியாமலே ஒரு கட்டளை நகலெடுக்கப்பட்டுக் கணினியின் கிளிப்போர்டில் இருக்கும்.

2. அடுத்து மூன்று படிகள் காட்டும்: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் விசையோடு வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள்.

3. அந்த மூன்றையும் செய்து முடிக்கும்போது பவர்ஷெல் கட்டளை ஒன்றை நாமே ஓட்டியிருப்போம். அது வெளியிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும்.

இது ஏன் வேலை செய்கிறது? கோப்பொன்றை இணையத்திலிருந்து இறக்கினால் ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று விண்டோஸ் அதில் ஓர் அடையாளம் போட்டு, திறக்கும்போது எச்சரிக்கும். இங்கே நம் கையால் இறக்கிய கோப்பு எதுவும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை அதன் சொந்தக்காரரே விசைப்பலகையில் ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார். எந்த உண்மையான இணையத்தளமும் ரோபோ சோதனைக்காக விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது. வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

‘விண்டோஸை வேகமாக்கும் ஒரே வரி’ என்று காணொளிகளில் வருவதும் வேலை செய்யும் விதத்தில் இதன் உறவுதான். அந்த வரி ஓர் இணைய முகவரியிலிருந்து ஸ்கிரிப்டை எடுத்து உடனே ஓட்டுகிறது. அவற்றில் நேர்மையானவையும் இருக்கின்றன. ஆனால் இன்று நீங்கள் வாசித்த ஸ்கிரிப்டும் நாளை அதே முகவரியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இறக்கிச் சேமித்து, வாசித்து, அதற்குப் பிறகு ஓட்டுவதுதான் முறை.

“பவர்ஷெல் ஸ்கிரிப்டை விண்டோஸே தடுத்துத்தானே வைத்திருக்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். ஆம், வழக்கமான நிலையில் வீட்டு, அலுவலகக் கணினிகளில் ஸ்கிரிப்ட் கோப்பு ஓடாது. ‘எக்ஸிக்யூஷன் பொலிசி’ என்பது அதன் பெயர். ஆனால் கோப்பை ஓட்டும்போது ஒரு சொல்லைச் சேர்த்தாலே அதைத் தாண்டிவிடலாம். இது பாதுகாப்பு ஏற்பாடு அல்ல, தவறுதலாக ஓட்டிவிடாமல் தடுப்பதற்கே என்று மைக்ரோசொஃப்டின் ஆவணங்களே சொல்கின்றன. கதவின் தாழ்ப்பாள் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், பூட்டு வேறு.

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதிகாரமின்றி ஒருவரின் கணினியில் மாற்றம் செய்வது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குள் வரும். எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பது வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் பிற்பாடு இரண்டு பக்கத்துக்கும் சிக்கல். வாசிக்கக்கூடிய ஸ்கிரிப்ட் இருந்தால் டெக்னீஷியனுக்கும் அதுவே பாதுகாப்பு.

டெக்னீஷியனிடம் என்ன கேட்கலாம்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய கணினியாக இருந்தாலும், வேறெங்கே வாங்கியதாக இருந்தாலும், அமைத்துக்கொடுக்க வருபவரிடம் மூன்றைக் கேட்கலாம். கேட்பது அவமதிப்பு அல்ல. நல்ல டெக்னீஷியன் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

1. “தம்பி, இந்த ஸ்கிரிப்டின் ஒரு கொப்பி எனக்குத் தாங்கோ.” பென்டிரைவில் போட்டாலும் சரி, அச்சடித்துக் கோப்பில் வைத்தாலும் சரி. ‘ஈஎக்ஸ்ஈ’ என்று முடியும் கோப்பை மட்டும் கொடுத்தால் அதை வாசிக்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

2. “இதில எதெல்லாம் எல்லாருக்கும் மாறும், எது ஒவ்வொருவருக்கும் தனியா மாறும்?” இதற்குத் தெளிவான பதில் வந்தால் முன்னே சொன்ன திகதிக் குழப்பத்தை அவர் ஏற்கெனவே யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

3. “பதிவுக் கோப்பு எங்க இருக்கு?”

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். பவர்ஷெல் ட்ரான்ஸ்கிரிப்டின் தலைப்பில் ஓட்டம் தொடங்கிய நேரம், கணினியின் பெயர், எந்தப் பயனரின் பெயரில் ஓடியது என்பன இருக்கும். பயனர் என்ற இடத்தில் கணக்கு எழுதும் ஊழியரின் பெயர் இருக்கிறதா, டெக்னீஷியனின் அட்மின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பது அட்மின் பெயர் மட்டும் என்றால் டெக்னீஷியனைக் கதவடியில் நிறுத்தி, ஊழியரை உள்நுழையச் சொல்லி, எக்செலில் ஒரு கட்டத்தில் 25/04/2025 என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது இடப்பக்கம் ஒட்டி நின்றால் வேலை இன்னும் முடியவில்லை.